இரண்டு பேர், ஒரு பழைய பாய்மரப் படகு: தேடுவது முதல் வங்கக் கடலைக் கடப்பது வரை

இந்த வழிகாட்டி, இரண்டே பேர் ஓட்டப்போகும் 32 முதல் 40 அடி வரையிலான பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுக்கானது. நானும் கணவரும் பினாங்குக்காரர்கள். 1983இல் தைவானில் கட்டிய 37 அடிப் படகு ஒன்றை மலேசியாவின் லங்காவித் தீவில் வாங்கி, சீர்செய்து, இலங்கையின் காலி துறைமுகம் வரை ஓட்டிப் போனோம். வாங்கிய நாளிலிருந்து புறப்படும் நாள் வரை இருபத்திரண்டு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம், வரிசை மாற்றிச் செய்த வேலைகளை மறுபடி செய்வதிலேயே போயிற்று.

எங்கள் முதல் தவறு இதுதான்: முதலில் உள்ளறையின் மரப்பலகைகளைத் தேய்த்து ஐந்து கோட்டு வார்னிஷ் அடித்தோம். நாலு மாதம் கழித்து, பாய்மரக் கம்பிகளைப் பிடித்திருக்கும் எஃகுப் பட்டைகளைப் பார்க்க அதே பலகைகளைப் பெயர்க்க வேண்டி வந்தது. அதன்பின் யார்டில் (படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடம்) பார்த்த புதிய தம்பதிகளில் பலரும் இதையேதான் செய்தார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. வாங்கும் முன்பே பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தத் தொகையில் பாதிக்குச் சற்று மேல் படகுக்கு, மீதி சீரமைப்புக்கு. 60,000 அமெரிக்க டாலர் இருந்தால் 35,000க்கு மேல் விலையுள்ள படகைப் பார்க்கவே போகாதீர்கள். லங்காவியிலும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் விலையைப் பெரும்பாலும் டாலரில்தான் சொல்வார்கள்.

காரணம் எளிது. பழைய படகில் கம்பிகள், பாய்கள், பேட்டரி, அடிவால்வுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆயுள் முடிந்து நிற்கும். மொத்தப் பணத்தையும் படகில் போட்டவர்கள் யார்டு வாடகை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் காத்திருந்து வேலை செய்கிறார்கள். இரண்டு வருடத்தில் ஆசையே ஓய்ந்துபோகிறது.

பணத்துக்கு முன் ஒன்று வேண்டும். இருவரும் வேறொருவர் படகில் குறைந்தது ஒரு இரவுப் பயணமாவது போயிருக்க வேண்டும். இருவரும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்குச் சம்மதம் என்ற நிலையில் வாங்கிய படகுகள்தான் மறுபடி விற்பனைக்கு வருகின்றன.

2. எங்கே, எப்போது தேடுவது

உலகம் சுற்றக் கிளம்பிய படகுகள் ஓய்ந்து நிற்கும் இடங்களில் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் அது லங்காவி, பங்கோர், புக்கெட். ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் உடல்நலம், பேரக்குழந்தைகள், வயது என்று பல காரணங்களால் இங்கே பயணத்தை முடிக்கிறார்கள். அப்படிப்பட்ட படகில் நங்கூரம், சோலார், தானியங்கிச் சுக்கான் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். வார இறுதியில் மட்டும் ஓடிய பளபளப்பான படகில் இவை ஒன்றும் இருக்காது.

மார்ச் முதல் மே வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்று முடிந்துவிடும். அந்தப் பருவத்தில் மேற்கே போகாதவர்கள் இன்னொரு வருடம் மரினா (படகு நிறுத்துமிடம்) வாடகை கட்ட மனமில்லாமல் விலை பேச இறங்கி வருவார்கள்.

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. தீவில் வரி கட்டாமல் நிற்கும் படகை நாட்டுக்குள் கொண்டுவர நினைத்தால், விலை பேசும் முன் சுங்கத்தில் கேட்டுவிடுங்கள்.

3. எந்த மாதிரிப் படகு

இருவருக்கு 40 அடிக்கு மேல் வேண்டாம். நீளம் கூடக்கூடப் பாயின் பரப்பும் நங்கூரத்தின் எடையும் வேகமாகக் கூடும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் தனியாகப் பாயைச் சுருக்க வேண்டும். இருவரில் உடல்வலு குறைந்தவரால் அந்தப் படகின் பிரதானப் பாயைச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை.

கீல் (நம் தோணிக்காரர்கள் ஏரா என்பார்கள்) உடலோடு சேர்த்து வார்த்ததா, போல்ட் போட்டு மாட்டியதா என்று கேளுங்கள். இரண்டும் நல்லதே. ஆனால் போல்ட் போட்டதென்றால், அந்தப் போல்ட்டுகளை எப்போது கடைசியாகச் சோதித்தார்கள் என்பது தெரிய வேண்டும். சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் ஒரு துடுப்பு போன்ற அமைப்பு இருந்தால் மிதக்கும் மரக்கட்டையில் மோதினாலும் தப்பும்.

தேக்கு போட்ட மேல்தளத்தைக் கண்டு மயங்காதீர்கள். அந்தக் காலத்துப் படகுகளில் தேக்குப் பலகைகளை ஆயிரக்கணக்கான திருகாணிகளால் தளத்தில் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு ஆணியும் தண்ணீர் இறங்கும் ஒரு துளை.

4. முதல் பார்வை: இரண்டு மணி நேரம், ஐந்து பொருள்கள்

சர்வேயருக்கு (படகைச் சோதித்து அறிக்கை தருபவர்) பணம் கட்டும் முன் நீங்களே பத்துப் படகையாவது பாருங்கள். டார்ச், சிறு கண்ணாடி, காந்தம், பிளாஸ்டிக் சுத்தியல், வெள்ளைத் துணி ஆகியவற்றை எடுத்துப் போங்கள்.

சுத்தியலால் தளத்தை ஒவ்வொரு சாணுக்கும் லேசாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். தளத்தின் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே வைத்த பால்சா என்ற லேசான மரம் ஊறிப்போன இடம் மந்தமாக, ஈரப் பலகையைத் தட்டுவதுபோல் கேட்கும். பாய்மர அடி, கைப்பிடிக் கம்பிகளின் அடி, நங்கூர மோட்டாரைச் சுற்றி அதிகம் தட்டுங்கள். தண்ணீர் இறங்குவது அங்கேதான்.

அப்புறம் பெட்டிகளுக்குள், பலகைகளுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பழுப்புக் கண்ணீர்போல் வழிந்த தடங்களைத் தேடுங்கள். பில்ஜின் (தண்ணீர் தேங்கும் படகின் அடிக்குழி) அடியில் துணியால் துடைத்துப் பாருங்கள்: எண்ணெயா, டீசலா, உப்புத்தண்ணீரா, மழைத்தண்ணீரா? மழைத்தண்ணீர் என்றால் தளம் கசிகிறது.

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக இருந்தால், யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் சொல்லாமல் போய், குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை சுமை அதிகம், காற்று போதவில்லை அல்லது டீசல் சரியாக எரியவில்லை என்பதற்கு. வெண்புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசலோ, உள்ளே கசியும் தண்ணீரோ.

5. சர்வேயர், சோதனை ஓட்டம், தாள்கள்

விலையை ஒப்புக்கொள்ளும்போதே "சர்வே, சோதனை ஓட்டம் இரண்டும் திருப்தியாக இருந்தால் மட்டும்" என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம் கேட்பார்கள். அது எந்தச் சூழ்நிலையில் திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தரகர் காட்டும் ஆளை வைக்காதீர்கள். படகைக் கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். அவர் பார்க்கும் நாள் முழுவதும் கூடவே நில்லுங்கள். அறிக்கையில் எழுதுவதைவிட வாயால் சொல்வது அதிகம். "இது உங்கள் படகாக இருந்தால் முதலில் எதைச் செய்வீர்கள்?" என்று என் கணவர் கேட்டார். அந்தப் பதில்தான் எங்கள் முதல் வருட வேலைப் பட்டியல் ஆனது.

தாள்கள்: இதுவரையிலான உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக, பதிவுச் சான்றிதழ், படகின் உடலில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்ற சோதனை, மரினாவிலும் யார்டிலும் பாக்கியில்லை என்ற கடிதம். பழைய கொடி நாட்டின் (படகு இதுவரை பதிவாகியிருந்த நாடு) பதிவிலிருந்து நீக்கிய சான்றிதழ் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் புதிய நாடு பதிவு தராது. பதிவு இல்லாமல் எந்தத் துறைமுகத்திலும் உள்ளே வர முடியாது.

6. வாங்கியதும் மூன்று மாதம் ஓட்டுங்கள்

இந்தப் படிதான் மனதுக்குக் கடினம். கை பரபரக்கும். ஆனால் வால்வுகளும் பில்ஜ் பம்பும் பாதுகாப்பாக இருப்பதைச் சர்வே உறுதி செய்திருந்தால், சர்வேயர் பார்க்க முடியாத இடங்களை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, வேறெதையும் உடைக்காமல் பக்கத்துத் தீவுகளுக்கு ஓட்டுங்கள். லங்காவியிலிருந்து புக்கெட் பக்கம் போகும் வழியில் நாளுக்கு ஒரு நங்கூரமிடம் கிடைக்கும்.

படகில் வாழாமல் போடும் பட்டியல் தவறாக இருக்கும். நாங்கள் கரையில் உட்கார்ந்து எழுதிய முதல் பட்டியலில் 84 வேலைகள். மூன்று மாதம் ஓட்டியபின் அதில் 30 தேவையில்லாமல் போயிற்று. நாங்கள் யோசிக்காத 20 புதிதாக வந்தது. சமையலறை அடுப்பை மாற்ற நினைத்திருந்தோம். அடுப்பு நன்றாகவே இருந்தது. கடலில் சாய்ந்தபோது சமைப்பவர் முதுகைத் தாங்க ஒரு பட்டைதான் வேண்டியிருந்தது.

ஒரு நோட்டில் மூன்று பகுதி வையுங்கள்: 'தண்ணீர் உள்ளே வரும்', 'படகு நிற்கும்', 'வசதி குறையும்'. ஒவ்வொரு குறையையும் இந்த மூன்றில் ஒன்றில் எழுதுங்கள். இனிவரும் வேலைகளின் வரிசை இதுதான்.

7. கரையேற்றும் வேலை: நீர்மட்டத்துக்குக் கீழே

யார்டில் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. ஏணியில் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வெயிலில் உள்ளே அடுப்பாகக் கொதிக்கும். அதனால் கரையில் மட்டுமே செய்ய முடிகிற வேலைகளைக் கரையில் செய்யுங்கள், மற்றதெல்லாம் தண்ணீரில். பொருள்கள் கையில் வந்து சேர்ந்தபின் மட்டும் கரையேற்றுங்கள். இரண்டு வால்வு வந்துசேர ஐந்து வாரம் யார்டில் காத்திருந்த ஒரு தம்பதியைப் பார்த்தோம்.

முதலில் வால்வுகள். படகின் அடியில் துளை வழியாகத் தண்ணீர் வந்துபோகும் ஒவ்வொரு வால்வையும் கழற்றிப் பாருங்கள். வெறும் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாகி, பிஸ்கட் மாதிரி உடையும். கத்தியால் சுரண்டினால் இளஞ்சிவப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வெண்கலம் அல்லது கடலுக்கென்று செய்த கெட்டிப் பிளாஸ்டிக் வால்வு போடுங்கள். குழாய்க்கு இரண்டு கிளிப். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கட்டையைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் பீறிடும்போது கட்டையைத் தேட நேரம் இருக்காது.

அடுத்து சுக்கான். அதன் அடியில் சிறு துளை போட்டால் தண்ணீர் ஒழுகுகிறதா? பழைய சுக்கான் எல்லாமே கொஞ்சம் ஒழுகும். துருநிறத் தண்ணீர் வந்தால்தான் கவலை: உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் அரிக்கிறது, பிளந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் புரொப்பெல்லர் தண்டின் ரப்பர் பேரிங், தண்டில் தண்ணீர் புகாமல் காக்கும் அடைப்பு, மற்ற உலோகத்துக்குப் பதில் தாம் அரிந்துபோகும் துத்தநாகக் கட்டிகள். அடியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் பயப்படாதீர்கள். அதனால் மூழ்கிய படகை யாரும் பார்த்ததில்லை. பெரியவற்றை மட்டும் சுரண்டி, உலரவிட்டு, எபாக்சியால் (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசை) நிரப்புங்கள். ஒரு எச்சரிக்கை: எபாக்சி வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதி நேரத்தில் இறுகிவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் குளிர்நாட்டுக் கணக்கு. காலை ஏழு மணிக்கு, சிறு சிறு அளவாகக் கலக்குங்கள்.

பாசி பிடிக்காத செம்புப் பெயின்ட் கடைசியில், தண்ணீரில் இறக்கும் நாளுக்கு முன்தினம். முன்பே அடித்தால் மேலே நடக்கும் வேலையின் தூசி அதில் ஒட்டும்.

8. தளம்: கசிவை மேலிருந்து நிறுத்துங்கள்

உள்ளே ஒழுகும் இடத்தில் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தளத்தின் நடுவில் பயணம் செய்து, இன்னோரிடத்தில் ஒழுகும். உள்ளே அடைத்தால் அது தளத்துக்குள்ளேயே தங்கி மரத்தை அழுக வைக்கும். நுழையும் இடத்தை அடைக்க வேண்டும்.

அதற்குத் தளத்தில் போல்ட் போட்ட ஒவ்வொரு பொருளையும் கழற்ற வேண்டும். ஆம், ஒவ்வொன்றையும். செய்முறை இது:

போல்ட்டைக் கழற்றி, துளையைவிடப் பெரிய அளவில் மேலிருந்து நடுமரம் வரை மட்டும் துளையிடுங்கள். ஈரமான மரத்தைச் சுரண்டியெடுத்து, சில நாள் உலரவிடுங்கள். கீழே டேப் ஒட்டி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவே போல்ட் அளவுக்குப் புதிய துளை. துளையின் வாயை லேசாகச் சரிவாக்கி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றி, போல்ட்டை இறுக்குங்கள். அடியில் நல்ல தடிமனான தகடு.

இப்போது என்றைக்காவது சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. இதுதான் இந்த உழைப்பின் முழுக் காரணம். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையை இங்கே பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது தளத்தின் தோலும் கூடவே வரும்.

எங்கள் படகின் தேக்கை முழுவதும் எடுத்துவிட்டோம். இரண்டு மாதம், 1,600க்கும் மேற்பட்ட திருகாணிகள், ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் மழை குறைவு; தளத்தைத் திறக்கும் வேலையை அப்போது மட்டும் வையுங்கள். எஞ்சின், மின்சாரம் போன்ற உள்வேலைகளை மழைக்காலத்துக்கு விடுங்கள்.

9. பாய்மரமும் கம்பிகளும்

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது உங்களுக்குத் தெரியாவிட்டால் மாற்றுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கம்பியைப் பல காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்பதில்லை. வெப்பமண்டலத்தில் உப்பும் சூடும் சேர்ந்து அதைவிட வேகமாக அரிக்கும்.

கம்பியின் கீழ்முனையைப் பாருங்கள். அழுத்திப் பொருத்திய முனைக்குள் உப்புத்தண்ணீர் மேலிருந்து வழிந்து தங்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது. வெள்ளைத் துணியைக் கம்பியில் உருவிப் பார்த்தால் அறுந்த இழை துணியில் மாட்டும். கையால் உருவாதீர்கள். புதிதாகப் போடும்போது கீழ்முனைக்குத் திருகிப் பொருத்தும் வகையை வாங்குங்கள். ஸ்பேனர் மட்டும் போதும். நடுக்கடலிலும் நீங்களே மாட்டலாம். உள்ளே உள்ள சிறு கூம்பை மாற்றினால் மறுபடியும் பயன்படும்.

இனி, கம்பியைவிட முக்கியமானது: கம்பியின் இழுவையைப் படகின் உடலுக்குக் கடத்தும் எஃகுப் பட்டைகள், அதாவது செயின்பிளேட். அவை தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் காற்றுப் படாமல் ஈரம் தங்கும். துருப்பிடிக்காத எஃகு காற்றில்லாத ஈரத்தில்தான் அரிக்கும். மேலே பளபளவென்றிருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். குறைந்தது ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் படகில் வலப்பக்க நடுப்பட்டையைக் கையில் எடுத்தபோது, தளத்தின் தடிமன் அளவுக்கு அதன் பாதி அகலம் அரித்திருந்தது. அந்தப் படகில் மூன்று மாதம் ஓட்டியிருந்தோம். சர்வேயர் எட்ட முடியாத இடம் என்று அறிக்கையில் எழுதியிருந்தார். நாங்கள் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டோம். "பார்க்க முடியவில்லை" என்று சர்வேயர் எழுதும் ஒவ்வொரு இடத்தையும் ஓட்டிப்பார்க்கும் மாதங்களுக்கு முன்பே நீங்கள் திறந்து பார்க்க வேண்டும்.

ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையதை அச்சாகக் கொடுத்தால் நல்ல பட்டறையில் 316 என்ற ரகத் துருப்பிடிக்காத எஃகில் வெட்டித் தருவார்கள். கொஞ்சம் கூடுதல் தடிமனாகக் கேளுங்கள்.

கிரேன் வைத்துப் பாய்மரத்தை இறக்கும்போது உச்சி விளக்கு, ரேடியோ ஆன்டெனா கம்பி, உருளைகள், கயிறுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். கிரேனுக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டாம். அலுமினியத்தில் எஃகுத் திருகாணி போடும் இடத்திலெல்லாம் இரண்டையும் பிரிக்கும் பசையைத் தடவுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

10. எஞ்சின்: பெரும்பாலும் டீசலில்தான் கோளாறு

நல்ல பழைய எஞ்சினை மாற்றாதீர்கள். அதற்குச் சுத்தமான டீசலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள்.

டீசல் டாங்கின் அடியில் வருடக்கணக்கில் சேர்ந்த தண்ணீரும் அதில் வளரும் நுண்ணுயிர்ச் சகதியும் இருக்கும். அமைதியான கடலில் அது தூங்கும். அலையில் கலங்கி ஃபில்டரை அடைத்து, துறைமுக வாயில் எஞ்சின் நிற்கும். கடலுக்குப் போகும் முன் டாங்கைத் திறந்து கையால் கழுவுங்கள். மூடி இல்லாத டாங்க் என்றால் மூடி வெட்டுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இரண்டை இணையாக மாட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு வால்வு வையுங்கள்.

குளிர்விக்கும் பக்கத்தில் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம், வெப்பமாற்றி, புகையும் தண்ணீரும் சேரும் வளைவுக் குழாய். கடைசியில் சொன்னதைக் கழற்றி உள்ளே பாருங்கள். கரியும் உப்பும் அடைத்துச் சுண்டுவிரல் போகாத அளவுக்குக் குறுகியிருக்கலாம்.

ரப்பர் சக்கரம் மாற்றுவது, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது இரண்டையும் இருவரும் செய்து பழகுங்கள். என் கணவர்தான் எஞ்சின் ஆள். ஆனால் அவர் வாந்தியில் படுத்திருந்த இரண்டாம் இரவில் காற்று எடுத்தது நான்.

11. மின்சாரம்: முதலில் கணக்கு, அப்புறம் கடை

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் செலவை எழுதுங்கள். எங்கள் 12 வோல்ட் கணக்கு: ஃபிரிட்ஜ் 50 ஆம்ப்-மணி, மின்சாரத் தானியங்கிச் சுக்கான் 95, விளக்கு, ரேடியோ, கருவிகள் 25. மொத்தம் 170. 400 வாட் சோலார், பாயின் நிழலெல்லாம் கழித்து, நல்ல வெயில் நாளில் 125 தந்தது. பாதிக்கு மேல் சுக்கானே குடிப்பதைப் பாருங்கள். இன்னும் சோலார் வாங்குவதற்குப் பதில், காற்றின் விசையாலேயே சுக்கான் பிடிக்கும் இயந்திரத்தைப் பின்புறம் மாட்டினோம். அதற்கு மின்சாரமே வேண்டாம்; காற்று கூடினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். இருவர் மட்டும் போகும் படகில் நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி மட்டும் போடுங்கள். வீட்டுக் கம்பி ஒரு வருடத்தில் கறுத்துவிடும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பி உரசினால் அணைக்க வழியில்லை. லித்தியம் பேட்டரி போட்டால் எஞ்சினின் ஆல்டர்னேட்டரை (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) நேரடியாக அதில் இணைக்காதீர்கள். அது இடைவிடாமல் முழுத் திறனில் மின்சாரம் கொடுத்துச் சூடேறிக் கருகும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் தேவை.

12. நங்கூரம்

படகின் அளவுக்கு அட்டவணை சொல்வதைவிட ஒரு அளவு பெரியது வாங்குங்கள். 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர் போதும். மீட்டருக்கு இரண்டேகால் கிலோ. மொத்தம் 135 கிலோ அணியத்தில் (படகின் முன்முனை) உட்காரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நங்கூர மோட்டார் கெட்டால் எப்படித் தூக்குவது? சங்கிலிக் கொக்கியும் நீளக் கயிறும் வைத்துப் பின்னாலுள்ள விஞ்சால் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். ஒருமுறை செய்துபாருங்கள்.

13. ஒருவர் கடலில் விழுந்தால் மற்றவர் தனி ஆள்

தம்பதிகள் பேசத் தயங்கும் விஷயம் இது. தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள்.

விழுந்தவரிடம் திரும்பி வருவதை எல்லாரும் பழகுகிறார்கள். தூக்குவதைப் பழகுவதில்லை. அமைதியான நங்கூரமிடத்தில் என் கணவர் தண்ணீரில் இறங்கி, கை கால் அசைக்காமல் மிதந்தார். பாய் ஏற்றும் கயிற்றையும் விஞ்சையும் வைத்து அவரை என்னால் ஓரடிக்கு மேல் தூக்க முடியவில்லை. நான்கு சுற்றுக் கப்பி ஒன்றை அந்தக் கயிற்றின் முனையில் சேர்த்தபின் முடிந்தது. அந்தக் கப்பி இப்போது ஒரு பையில், கைக்கெட்டும் இடத்தில், அதற்காக மட்டுமே இருக்கிறது.

விழாமல் இருப்பதுதான் முதல் வேலை. இடுப்புப் பட்டையை மாட்டும் பட்டைநாடாவைப் படகின் ஓரத்தில் கட்டாமல் நடுப்பகுதியில் கட்டுங்கள். இடுப்புப் பட்டையிலிருந்து அந்த நாடாவுக்குப் போகும் கயிறு குட்டையாக இருந்தால் ஓரத்தைத் தாண்டி விழவே முடியாது. இரவில் தனியாக இருப்பவர் மாட்டாமல் வெளியே வரக்கூடாது. அணியத்துக்குப் போக வேண்டுமென்றால் தூங்குபவரை எழுப்ப வேண்டும். இந்த இரண்டிலும் எங்கள் வீட்டில் விலக்கு கிடையாது.

செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி படகோடு வந்திருந்தால் அதை உங்கள் பெயருக்கும் உங்கள் கொடி நாட்டுக்கும் மாற்றிப் பதியுங்கள். நீங்கள் அழுத்தும்போது மீட்பு மையம் முதலில் அழைப்பது பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணை. அது ஊருக்குத் திரும்பிய பழைய உரிமையாளரின் எண்ணாக இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

14. சோதனைப் பயணங்கள்

மூன்று பயணம், இந்த வரிசையில்: ஒரு இரவு; மூன்று நாள் தொடர்ச்சியாக; அப்புறம், காற்று 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருக்கும் ஒரு நாளை வேண்டுமென்றே தேர்ந்து அரைநாள். கடைசியில் சொன்னதில்தான் பெட்டிகள் திறந்து பொருள்கள் பறக்கும். தளத்தின் கசிவுகள் தெரியும். பாய் சுருக்கும் கயிறு எங்கே சிக்குகிறது என்று புரியும்.

மூன்று நாள் பயணத்தில் காவல் முறையை, அதாவது யார் எப்போது விழித்திருப்பது என்பதை, முடிவு செய்யுங்கள். இரவில் நாலு நாலு மணி நேரம் எங்களுக்கு ஒத்துவந்தது. மூன்று மணி என்றால் தூக்கம் பிடிப்பதற்குள் எழ வேண்டியிருந்தது. முதல் இரண்டு இரவுகள் யாருக்குமே கஷ்டம்தான். அந்த நாள்களுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது புளிச்சோறும் இஞ்சி மிட்டாயும்.

15. பருவமும் புறப்பாடும்

லங்காவியிலிருந்து காலிக்குச் சுமார் 1,200 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் பத்து நாள். வடகிழக்குக் காற்று நிலைத்து வீசும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். வேலை முடிந்துவிட்டது என்பதற்காக நவம்பரில் கிளம்பாதீர்கள். ஜனவரிக்குள் வேலை முடியாவிட்டால் அடுத்த ஜனவரி. நாங்கள் ஒரு பருவத்தை அப்படி விட்டோம். அந்த மாதங்களைச் சோதனைப் பயணங்களுக்கு வைத்துக்கொண்டோம்.

தண்ணீர்: ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். பத்து நாளுக்கு 80. அதை இரட்டிப்பாக்கி, ஒரே டாங்கில் வைக்காமல் பாதியைக் கேன்களில் வையுங்கள். டாங்க் கசிந்தாலும் உப்பு கலந்தாலும் கேன் இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றாதீர்கள்.

சுமத்ராவின் வடமுனையைத் தாண்டியதும், மலாக்கா நீரிணைக்கும் இலங்கையின் தெற்குக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்களின் பாதை வரும். அதன் நடுவிலேயே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் பகலில், நேர்குறுக்காக. கப்பல்களை ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் இடக்குறிப்பை வாங்கும் கருவி) காட்டும். விளக்கில்லாத மீன்பிடிப் படகையும் மிதக்கும் வலையையும் அது காட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும். காலிக்குள் நுழைய முகவரை முன்கூட்டியே அமர்த்தி, வரும் நாளைத் தெரிவித்து வையுங்கள்.

கிளம்பிய மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் தளத்தை அணியத்திலிருந்து பின்வரை ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கயிறு எங்கே உரசுகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, தளத்தில் ஏதாவது சிறு உலோகத்துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் ஒரு சிறு பிளவு ஊசி கிடைத்தது. அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. முன்பக்கக் கம்பியின் பெரிய ஊசியைப் பூட்டியிருந்தது அது. பெரிய ஊசி பாதி வெளியே வந்திருந்தது. தினமும் காலையில், காபிக்கு முன்னால், நடங்கள்.